மழைக்கு மறுநாள் இடது டேங்கில் தண்ணீர்: மூடி ரிங்கை மாற்றிய பிறகும் நிற்கவில்லை

தக்கலைப் பையன் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். ஊர் தக்கலை. பக்கத்து மாநிலத்தில் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில் டெக்னீஷியனாகச் சேர்ந்து பதினான்கு மாதம் ஆகிறது. ஏ.எம்.இ. (விமானப் பராமரிப்புப் பொறியாளர்) லைசென்ஸுக்கு இன்னும் இரண்டு பேப்பர் பாக்கி. இப்போது லீவில் வீட்டில் இருக்கிறேன், ஆனால் மனசெல்லாம் அந்த ஒரு மூடியில்தான் கிடக்கிறது.

பழைய செஸ்னா 182, சின்ன விமானம். டேங்க் இறக்கைக்குள் ரப்பர் பை. மூடி இறக்கையின் மேல்தோலோடு சமமாகப் படுத்துக் கிடக்கும் வகை. நடுவில் ஒரு பிடி இருக்கும், நகத்தால் தூக்கித் திருப்ப வேண்டும். ஹேங்கரில் இடம் இல்லாததால் வெளியில்தான் கட்டிப் போடுகிறோம். தென்மேற்குப் பருவமழை ஆரம்பித்ததிலிருந்து, ராத்திரி மழை பெய்தால் காலையில் இடது டேங்க் சம்பில் (டேங்கின் அடியில் வடித்துப் பார்க்கிற இடம்) தண்ணீர் வருகிறது. வலதில் ஒரு சொட்டு கிடையாது.

மூடியின் பெரிய ஓ ரிங் (கசிவை அடைக்கிற ரப்பர் வளையம்) தட்டையாகியிருந்தது. சீனியர் கையெழுத்தில் புதிது போட்டோம். அடுத்த மழைக்கும் தண்ணீர். கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். "மழைக்காலத்தில் அப்படித்தான், காலையில் வடித்துவிட்டுப் போ" என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. அதில் ஏறுவது பத்தொன்பது, இருபது வயசுப் பிள்ளைகள்.

வேறு எங்கே பார்க்க வேண்டும்? ரிங்குக்கு வாஸ்லைன் தடவலாமா? இன்னொன்று: ஸ்டோரில் அடுத்த ரிங் வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். நேற்று நாகர்கோவில் வடசேரியில் பம்பு சாமான் விற்கும் கடையில் அதே அளவு ரிங் பதினைந்து ரூபாய்க்குக் கிடைத்தது. வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்த்தேன், அளவு துல்லியமாக இருக்கிறது. போடக் கூடாது என்று தெரியும். ஆனால் ஏன் கூடாது என்பதை யாராவது சரியாக விளக்கினால் நன்றாக இருக்கும்.

முட்டம் என்ஜின் கடை

தம்பி, எனக்கு விமானம் தெரியாது. வள்ளத்து எஞ்சின்தான் தெரியும். ஆனாலும் கடைசிக் கேள்விக்கு நான் சொல்லலாம்.

எங்கள் கடற்கரையில் எஞ்சின் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடும். டேங்க் மூடியின் வாஷர் தொலைந்தால் பழைய சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டிப் போடுகிற பழக்கம் பலருக்கு உண்டு. முதல் நாள் நன்றாகப் பிடிக்கும். பத்து நாளில் அது ஊறி, வீங்கி, ஓரம் கொழகொழவென்று ஆகிவிடும். போன வருஷம் கடியபட்டணத்து வள்ளம் ஒன்று கடலில் எஞ்சின் நின்று, இன்னொரு வள்ளம் கட்டி இழுத்து வந்தது. கார்புரேட்டரைத் திறந்தால் ஜெட்டில் கறுப்பாகப் பிசின். டியூப் ரப்பர்தான் கரைந்து அங்கே போய் அடைத்திருந்தது. கடலில் எஞ்சின் நின்றால் மிதக்கவாவது செய்யலாம். நீ வேலை பார்ப்பது மேலே போகிற வண்டி.

குலசேகரம் ரப்பர்

முட்டம் அண்ணன் சொன்னதற்குக் காரணம் சொல்கிறேன். எங்களுக்கு இரண்டு ஏக்கர் ரப்பர். நான் படித்ததும் ரப்பர் டெக்னாலஜி.

மரத்திலிருந்து வரும் ரப்பரும் பெட்ரோலும் அடிப்படையில் ஒரே சாதி, இரண்டுமே ஹைட்ரோகார்பன். அதனால் ஒன்றுக்குள் ஒன்று போகும். பஞ்சர் கடையில் தடவுகிற சொல்யூஷன் என்ன? ரப்பரைக் கரைப்பானில் கரைத்ததுதானே. வல்கனைஸ் செய்த (சூடாக்கி உறுதியாக்கிய) ரப்பர் முழுசாகக் கரையாது, ஆனால் நன்றாக வீங்கும், பலம் போய்விடும். நம் மாவட்டம் முழுக்க ரப்பர் மரம் நின்றாலும் பெட்ரோல் மூடிக்கு அந்த ரப்பர் ஆகாது.

பெட்ரோலுக்கு நைட்ரைல் ரப்பர் வேண்டும். பியூட்டாடையீனோடு அக்ரிலோநைட்ரைல் சேர்த்துச் செய்வது. அக்ரிலோநைட்ரைல் கூடினால் பெட்ரோலைத் தாங்கும் சக்தி கூடும், குளிரில் வளைகிற குணம் குறையும். குளிர், வெயில் இரண்டையும் தாங்க ஃப்ளோரோசிலிக்கோன் இன்னும் நல்லது, விலை அதிகம். கறுப்பாக இருக்கிற ரிங் எல்லாம் கண்ணுக்கு ஒன்றுதான். பம்புக் கடை ரிங் தண்ணீருக்கான ஈ.பி.டி.எம். ரப்பராக இருந்தால் பெட்ரோலில் ஒரே ராத்திரியில் வீங்கிவிடும். சந்தேகம் இருந்தால் ஒரு சின்னக் கண்ணாடி பாட்டிலில் ஊறப்போட்டு மறுநாள் அளந்து பார்.

இரணியல்காரர்

தம்பி, நான் 31 வருஷம் விமானப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவன். அதில் பாதிக்கு மேல் சின்ன விமானங்கள். உன் கேள்வியைப் படித்ததும் பேரனை ஸ்கூலில் விட்டுவிட்டு வந்து நேராக இதை எழுத உட்கார்ந்தேன். "அப்படித்தான் வரும், வடித்துவிட்டுப் போ" என்பதை நீ ஏற்காதது ரொம்பச் சரி. வடிப்பது கட்டாயம். ஆனால் மழைத் தண்ணீர் டேங்குக்குள் போவது பழுது. அதற்கு ஒரு வழி இருக்கிறது, அந்த வழியைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும்.

முதலில் உன் மூடியில் ரிங் ஒன்று அல்ல, இரண்டு. வெளியே சுற்றி இருக்கிற பெரியது எல்லோர் கண்ணிலும் படும். நடுவில் அந்தப் பிடி திரும்புகிற தண்டு இருக்கிறதே, அது மூடியைத் துளைத்துக்கொண்டு கீழே போகிறது. அந்தத் தண்டைச் சுற்றி மொச்சைக்கொட்டை அகலத்தில் சின்ன ரிங் ஒன்று உட்கார்ந்திருக்கும். அதை மாற்ற மூடியைக் கழற்றிப் பிரிக்க வேண்டும் என்பதால் பலரும் தொடுவதில்லை. மூடி சமமாகப் படுத்துக் கிடப்பதால் பிடி இருக்கிற பள்ளத்தில் மழைத் தண்ணீர் தேங்கும். தேங்கிய தண்ணீர் நிற்பது எங்கே? அந்தத் தண்டின் தலையில்தான். பெரிய ரிங் புதிதாக இருந்து என்ன பயன்? பெரிய ரிங் மாற்றியதும் தண்ணீர் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை என்கிறாய் அல்லவா, எனக்கு அதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிட்டது.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானே அந்தத் தவறைச் செய்திருக்கிறேன். வடக்கே ஒரு பயிற்சி நிலையத்தில் இருந்தபோது உன்னுடையது மாதிரியே ஒரு 182. பெரிய ரிங்கை மாற்றி நான்தான் கையெழுத்துப் போட்டேன். சின்னதைப் பார்க்கவில்லை. இரண்டு ராத்திரி நல்ல மழை. மூன்றாம் நாள் காலையில் பயிற்சி மாணவன் கப்பில் சாம்பிள் எடுத்தான். கப் முழுக்கத் தெளிவாக, ஒரு தூசி இல்லாமல் இருந்தது. "சுத்தம்" என்று ஊற்றிவிட்டு ஏறினான். ஓடுபாதையை நோக்கித் தரையில் டாக்ஸி பண்ணிக்கொண்டு போகும்போதே எஞ்சின் இருமி நின்றுவிட்டது. அவன் பார்த்தது பெட்ரோலே இல்லை, கப் முழுவதும் தண்ணீர். இரண்டும் கலந்திருந்தால் நடுவில் கோடு தெரியும். முழுசும் தண்ணீராக இருந்தால் கோடு எங்கிருந்து வரும்? எஞ்சின் தரையிலேயே நின்றது எங்கள் அதிர்ஷ்டம். ஓடுபாதை முடிந்து ஐம்பது அடி உயரத்தில் நின்றிருந்தால் என்று நினைத்து அந்த வாரம் முழுக்க நான் தூங்கவில்லை.

அதனால் உங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடு. 100 எல்.எல். என்கிற விமானப் பெட்ரோலுக்கு நீலச் சாயம் போட்டிருப்பார்கள். கப்பை வெள்ளைச் சுவர் முன்னால் பிடித்து நீலம் தெரிகிறதா என்று பார்க்கணும். முகர்ந்து பார்க்கணும். சந்தேகம் என்றால் அதிலேயே இரண்டு சொட்டுத் தண்ணீர் விடணும். பெட்ரோல் என்றால் சொட்டு முத்து மாதிரி உருண்டு அடியில் போய் உட்காரும். தண்ணீர் என்றால் சொட்டே காணாமல் போகும்.

இனி உன் மூடிக்கு வருகிறேன். கழற்றும் முன்பே ஒரு சோதனை செய். விமானத்தை நிழலில் நிறுத்தி, சம்பை வடித்துச் சுத்தம் என்று உறுதி செய்துகொள். மூடியின் பள்ளத்தில் தண்ணீர் நிரம்ப ஊற்று. தளும்பாமல், விளிம்பு வரை. பக்கத்தில் உட்கார்ந்து பார். நல்ல மூடி என்றால் ஒரு மணி நேரம் கழித்தும் அந்த மட்டம் அப்படியே இருக்கும். உன்னுடையதில் தண்டைச் சுற்றி சின்னக் குமிழி வரும், மட்டம் இறங்கும். இறங்கிய தண்ணீரை மறுபடி முழுசாக வடித்து எடுத்துவிடு. இதை உன் சீனியர் முன்னால் செய். வாயால் சொல்வதைவிட அந்தக் குமிழி நன்றாகப் பேசும்.

பிரிக்கும்போது மூடியை இறக்கை மேல் வைத்துப் பிரிக்காதே. டேங்க் வாயை மூடிவிட்டு, மூடியை மேஜைக்குக் கொண்டு போ. பின்னோ வாஷரோ டேங்குக்குள் விழுந்தால் அப்புறம் அதற்கு ஒரு நாள் வேலை. ரிங்கை ஸ்க்ரூடிரைவரால் நெம்பக் கூடாது. பள்ளத்தில் ஒரு கீறல் விழுந்தால் எந்தப் புது ரிங்கும் அதை அடைக்காது. நான் மூங்கில் குச்சியைச் சீவி வைத்திருப்பேன், இன்றும் அந்தக் குச்சி என் டப்பாவில் இருக்கிறது. எடுத்த பழைய ரிங்கைத் தூக்கிப் போடாமல் இரண்டு விரலால் மெதுவாக இழுத்து வெளிச்சத்தில் பார். தலைமுடி மாதிரி குறுக்கு வெடிப்பு தெரியும். குறுக்கே வெட்டினால் வட்டமாக இருக்க வேண்டியது தட்டையாக இருக்கும். என் அப்பா இங்கே தறி நெய்தவர். பாவு நூலை நீட்டியதும் நகத்தால் வருடிக்கொண்டே போய் முடிச்சைக் கண்டுபிடிப்பார். மூடி உட்கார்கிற வளையத்தை நான் அப்படித்தான் பார்ப்பேன். கண்ணுக்குத் தெரியாத உப்பு அரிப்பு நகத்துக்குத் தெரியும்.

புது ரிங் மாட்டும்போது அதன் மேல் ஒரு மெல்லிய கோடு ஓடுவதைக் கவனி, அது அச்சு சேர்ந்த இடம். மாட்டி முடித்த பிறகு அந்தக் கோடு சுற்றிலும் ஒரே மட்டத்தில் இருந்தால் ரிங் முறுகாமல் உட்கார்ந்திருக்கிறது. ஒரு இடத்தில் மேலே, இன்னொரு இடத்தில் கீழே போனால் முறுகியிருக்கிறது. எடுத்து மறுபடி போடு. சிலர் வருஷத்துக்கு ஒருமுறை ரிங் மாற்றிவிட்டுச் சரி என்று விடுகிறார்கள், முறுக்கைப் பார்ப்பதில்லை.

வாஸ்லைன் பெட்ரோலில் கரைந்து போகும், அப்புறம் தூசியைத்தான் பிடித்து வைக்கும். பெட்ரோலில் கரையாத கிரீஸ் என்று தனியாக இருக்கிறது. மேனுவலில் அதன் பெயர் இருக்கும், அதை விரல் நுனியில் தொட்ட அளவு. மேனுவல் சொல்லாததைத் தடவ வேண்டாம்.

கடை ரிங் விஷயம். பொருள் பற்றி குலசேகரம் தம்பி நன்றாகச் சொல்லிவிட்டார். அதற்கு மேல் ஒன்று. விமான ரிங்கிலேயே பாக்கெட்டில் இருக்கிற நம்பர் எம்.எஸ். 29513 என்றால் பெட்ரோலுக்கு, எம்.எஸ். 28775 என்றால் ஹைட்ராலிக் எண்ணெய்க்கு. இரண்டும் கறுப்பு, இரண்டும் நைட்ரைல், அளவும் ஒன்றாக இருக்கும். பாக்கெட்டைப் பிரித்துக் கலந்துவிட்டால் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் மாட்டுகிற நிமிஷம் வரை பாக்கெட்டோடு வைத்திருக்கச் சொல்கிறோம். பாக்கெட்டில் 2கியூ23 என்கிற மாதிரி போட்டிருந்தால் 2023-இன் இரண்டாம் காலாண்டில் வல்கனைஸ் ஆனது என்று அர்த்தம். சிஏ ஃபார்ம் 1 மாதிரி ஒரு சான்று அதனோடு வரும். நாளைக்கு ஒரு ரிங் வெடித்தால் அதே தொகுப்பில் வந்த மற்ற ரிங்குகள் எந்தெந்த விமானத்தில் இருக்கின்றன என்று தேடிப் போக அந்தக் காகிதம்தான் வழி. பதினைந்து ரூபாய் ரிங்கில் அந்த வழி கிடையாது. வெர்னியர் அளவை மட்டும்தான் சொல்லும் தம்பி.

இன்னும் ஒன்று. உன்னுடையது ரப்பர் பை டேங்க் என்பதால் அடியில் சுருக்கம் இருக்கிறதா என்று சீனியரைப் பார்க்கச் சொல். சுருக்கத்துக்குப் பின்னால் தண்ணீர் அணை கட்டின மாதிரி நின்றுவிடும், சம்பில் வடித்தாலும் வராது. பறக்கும்போது மூக்கு தூக்கினால் உருண்டு வரும். இதற்காகவே 1984-இல் அமெரிக்காவில் ஒரு கட்டாய உத்தரவு, ஏ.டி. 84-10-01, போட்டார்கள். வாலை இறக்கி, இறக்கைகளை மாறி மாறி ஆட்டி, அப்புறம் வடித்துப் பார்க்கிற முறை அதில் இருக்கிறது. உங்கள் விமானத்தின் பதிவேட்டில் அது எப்படி நிறைவேற்றப்பட்டது என்று படி. பழைய பதிவேடு படிப்பதைப் போல ஒரு படிப்பு வேறு கிடையாது.

தக்கலைப் பையன்

ஐயா, இவ்வளவு நேரம் எடுத்து எழுதியதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அப்படியே பிரின்ட் எடுத்துவிட்டேன். ஒரு சந்தேகம் மட்டும். இடது மூடிக்குப் பின்னால் இறக்கையில் லேசாக நீலக் கறை பின்னோக்கி ஓடியிருக்கிறது. பெட்ரோல் ஊற்றும்போது சிந்தியது என்று நினைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

குலசேகரம் அண்ணன், கடை ரிங்கை வீட்டு பைக் பெட்ரோலில் ஊறப்போட்டிருக்கிறேன். நாளை சொல்கிறேன்.

இரணியல்காரர்

உண்டு. சிந்தியது என்றால் கறை எல்லாப் பக்கமும் பரவியிருக்கும். காற்று போகிற திசையில் வால் மாதிரி நீண்டிருந்தால் அது பறக்கும்போது வந்தது. இறக்கையின் மேல்பக்கம் பறக்கும்போது காற்றழுத்தம் குறைவு, அதுதானே விமானத்தைத் தூக்குகிறது. அதே குறைந்த அழுத்தம் மூடி இடுக்கு வழியாகப் பெட்ரோலையும் உறிஞ்சும். நிற்கும்போது மழை உள்ளே, பறக்கும்போது பெட்ரோல் வெளியே, ஒரே ஓட்டைதான் இரண்டுக்கும். இனி அந்தக் கறையைத் துடைக்கும் முன் ஒரு படம் எடுத்துவிட்டுத் துடை.

ஒன்றை மறந்துவிட்டேன். வேறு விமானத்துக்குப் போகும்போது மூடியில் காற்றுத் துளை உண்டா என்று பார்த்துக்கொள். செஸ்னா 172 எஸ் மாதிரி விமானத்தில் இரண்டு மூடியிலும் உண்டு. கசிகிறதே என்று அதை ஏதாவது பசை வைத்து அடைத்துவிடக் கூடாது. எஞ்சின் பெட்ரோலைக் குடிக்கக் குடிக்க டேங்குக்குள் காற்று வர வேண்டும்.

முட்டம் என்ஜின் கடை

கடைசியாகச் சொன்னது எங்களுக்கும் பொருந்தும் அண்ணாச்சி. எங்கள் டேங்க் மூடியிலும் ஒரு காற்றுத் திருகு இருக்கும். அதைத் திறக்காமல் கடலுக்குப் போய், எஞ்சின் நின்றுவிட்டது என்று அங்கிருந்து எனக்கு போன் செய்கிறவர்கள் மாதத்துக்கு ஒருவராவது உண்டு. தண்ணீர் ஊற்றிப் பார்க்கிற சோதனையை நான் நாளைக்கே நம் டேங்குகளில் செய்து பார்க்கிறேன்.

தக்கலைப் பையன்

கடை ரிங்: இருபத்திரண்டு மணி நேரம் ஊறிய பிறகு எடுத்தேன். கண்ணால் பார்த்தாலே தெரிகிற அளவுக்கு வீங்கி நிற்கிறது. வெர்னியரால் அளக்கவே தேவை இருக்கவில்லை. கடைக்காரரிடம் என்ன ரப்பர் என்று கேட்டேன், "தண்ணி மோட்டாருக்கு வாங்கி வச்சது தம்பி" என்றார்.

தக்கலைப் பையன் (பன்னிரண்டு நாள் கழித்து)

எல்லோருக்கும் முடிவைச் சொல்ல வேண்டும்.

திரும்பிப் போன அன்றே சீனியரைக் கூப்பிட்டு அந்தச் சோதனையைச் செய்தேன். பள்ளத்தில் தண்ணீர் ஊற்றி நான்கு நிமிஷம்கூட ஆகவில்லை. பிடியின் அடியிலிருந்து கடுகு அளவு குமிழி ஒன்று, அப்புறம் இன்னொன்று, அப்புறம் வரிசையாக. சீனியர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் பேசவில்லை. நிமிர்ந்ததும் "வலது மூடியிலும் ஊற்று" என்றார். வலதில் மட்டம் அசையவில்லை.

மூடியை மேஜையில் பிரித்தோம். தண்டு ரிங்கை மூங்கில் குச்சியால் எடுத்தபோது அது ரிங்காக வரவில்லை, இரண்டு துண்டாக வந்தது. கறுப்பு மெழுகுத் துண்டு மாதிரி விறைத்துக் கிடந்தது. எத்தனை வருஷம் அங்கே இருந்ததோ. பதிவேட்டில் அதை மாற்றியதாக ஒரு வரிகூட இல்லை. நான் போட்ட பெரிய ரிங்கையும் எடுத்துப் பார்த்தோம். ஐயா சொன்ன அந்தக் கோடு ஒரு இடத்தில் மேலேறியிருந்தது. ஆக, நான் போட்டதும் முறுகித்தான் இருந்திருக்கிறது. அதைச் சீனியரிடம் நானே காட்டினேன்.

ஸ்டோரில் இருந்தவர் தண்டு ரிங்குக்கும் சேர்த்து அவசரமாக ஆர்டர் போட்டார், மூன்று வாரம் என்றது ஒன்பது நாளில் வந்தது. அதுவரை அந்த விமானத்தை ஹேங்கருக்குள் தள்ளி, பறக்கவிடவில்லை. பையில் ஒரு பக்கம் லேசான சுருக்கம் இருந்தது. வாலை இறக்கி ஆட்டியபோது சம்பில் இன்னும் கால் கப் தண்ணீர் வந்தது. அதற்குத் தனி வேலை எடுத்து ஏ.எம்.இ. முடித்தார்.

முந்தாநாள் ராத்திரி இங்கே விடாத மழை. காலை ஐந்தேமுக்காலுக்கே போய்விட்டேன். இடது சம்பில் எடுத்த கப்பை வெள்ளைச் சுவர் முன்னால் பிடித்தேன். அடி வரைக்கும் நீலம். இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன், முத்தாக உருண்டு அடியில் போய் உட்கார்ந்தது. மூன்று மாணவர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஐயா, உடைந்த தண்டு ரிங்கின் இரண்டு துண்டையும் ஒரு சின்னக் கவரில் போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த லீவுக்கு வரும்போது கொண்டு வந்து காட்டலாமா?

இரணியல்காரர்

கொண்டு வா தம்பி. பழைய ரிங்குகளை நான் ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறேன், எது எதனால் கெட்டது என்று துண்டுச் சீட்டு எழுதி. அதையும் பார்க்கலாம். இரணியல் ஸ்டேஷனில் இறங்கி ஒரு போன் போடு, நானே ஸ்கூட்டரில் வருகிறேன். மதியச் சாப்பாடு இங்கேதான்.